சம்பந்தியின் கார் பானெட்டும் மூன்று இஞ்ச் பேடும்

காருக்குப் பாலீஷ் போடப் போகிறவர்களுக்கும், இரவல் காரில் ஸ்ரீரங்கம் போகிறவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். அறுபதுகளின் நடுவில் ஒரு தை வெள்ளி. நானும் மனைவியும் உப்பிலியபுரத்தில் முதல் பஸ் பிடித்து, துறையூரில் சம்பந்தி வீட்டில் இறங்கி, அவருடைய கறுப்புக் காரை இரவல் வாங்கினோம். மாலை ஆறுக்குள் திருப்பித் தர வேண்டும். ஒரு கீறல் விழுந்தாலும் பேச்சுக் கேட்கப்போவது அந்த வீட்டில் வாழ்கிற என் மகள். தலைதீபாவளிக்குப் பிறகு அவளை எங்கள் வீட்டுக்கு அனுப்பவேயில்லை.

இருபத்தைந்து மைல் சொச்சம். ஏழேகாலுக்கு ஸ்ரீரங்கம். தரிசனம் முடிந்து நான் பூ வாங்கி வருவதற்குள், மனைவி திருமண் குழைத்து பானெட் நிறைய நாமம் சாத்திவிட்டாள்.

“பெருமாள் ஊருக்கு வந்துட்டு வண்டிக்கு நாமம் சாத்தாம போறதா?”

“அடிப்பாவி! சம்பந்தி நெத்தியில விபூதியத் தவிர வேற எதையாவது பாத்திருக்கியா?”

“எதுக்குக் கத்துறீங்க? கழுவிட்டாப் போச்சு.”

நான் குழாயடியில் நின்று வாளித் தண்ணீர் கொண்டு வருகிறேன், இவள் கடையில் வாங்கிய புளியும் அர்ச்சனைத் தேங்காயின் நாரும் வைத்துத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள்! வீட்டில் குத்துவிளக்கை அப்படித்தான் தேய்ப்பாள். தண்ணீர் ஊற்றினேன். மண் போனது, நாமம் போகவில்லை. மூன்று கோடும் கீறலாக நின்றன. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

காவிரிப் பாலம் தாண்டினால் சத்திரம் பஸ் ஸ்டாண்டு. அங்கே ஒரு பெயின்ட் ஷெட். பொன்மலையில் ரயில் பெட்டிகளுக்குப் பெயின்ட் அடித்து ஓய்வு பெற்ற சவரிமுத்து நடத்தி வந்தார். பாலீஷ் மிஷினில் மாட்டும் கம்பளி பேட் இரண்டு ஆணியில் தொங்கின. ஒன்று எட்டு இஞ்ச், ஒன்று மூன்று.

“மேலாக்கத்தான் கீறியிருக்கு. பெருசப் போடுவோம் சார்.”

“அதப் பாத்தாலே பயமா இருக்குங்க. கீறின இடத்துல மட்டும் சின்னதா போடுங்க.”

“கீறலப் பாத்து பேடு எடுக்கக் கூடாது சார். தகட்டப் பாத்துத்தான் எடுக்கணும்.”

“சொன்னதச் செய்யுங்க!” என்று கத்தினேன்.

செய்தார். அரை மணி நேரம், எட்டு ரூபாய். கீறல் போயே போய்விட்டது. ஆனால் தேய்த்த மூன்று கோடும் கண்ணாடியாக மின்ன, சுற்றிலும் பழைய மங்கல். நாமம் முன்னைவிட எடுப்பாகத் தெரிந்தது. அந்த வழியாகப் போன ரிக்‌ஷாக்காரர் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சவரிமுத்து எட்டு இஞ்சை எடுத்து மாட்டினார். உடனே கரண்ட் போனது! வர மூன்று மணி நேரம். பிறகு பானெட் முழுவதும் பெரிய பேட். நடு முகட்டிலும் ஓரத்திலும் மட்டும் சின்னது, ஏனென்றால் பெரியது அங்கே பெயின்டையே வழித்துவிடுமாம். இன்னும் பன்னிரண்டு ரூபாய். ஐந்தே முக்காலுக்குத் துறையூர் போய்ச் சேர்ந்தோம்.

சம்பந்தி காரை ஒரு சுற்றுச் சுற்றினார். “என்ன சம்பந்தி, பானெட்டு மட்டும் மின்னுது? என் காரு அழுக்கா கெடக்குன்னு சொல்லாம சொல்றீங்களா?”

வாசலில் நின்ற மகள் முந்திக்கொண்டாள். “இல்லிங்க மாமா, பாதிதான் முடிஞ்சிருக்கு. அடுத்த வாரம் அப்பாவே மிச்சத்தையும் முடிச்சுக் குடுத்துருவாங்க. நாமதான் யாராவது கூடப் போய்ப் பாத்துக்கணும்.”

“அப்ப நீயே போயிட்டு வாம்மா” என்றார் அவர்.

ஆகவே, அகலமான தகட்டுக்குப் பெரிய பேட், முகட்டுக்கும் ஓரத்துக்கும் சின்னது. திருமண் காய்ந்தால் தண்ணீரில் ஊற வையுங்கள். புளி ரசத்துக்கு.

அடுத்த வெள்ளியும் அதே ஷெட், அதே புழுதி. போதாதற்கு முப்பது ரூபாய் தண்டம். “ஏம்மா இப்படி மாட்டிவிட்ட?” என்று மகளிடம் எரிந்து விழுந்தேன்.

அம்மாவின் தோளில் சாய்ந்திருந்தவள் நிமிரவேயில்லை. “பின்ன, நான் உங்ககூட ஒரு நாள் எப்பத்தாம்ப்பா இருக்கறது?”