இரண்டடி தாழ்ந்த கூரை

அலுவலகத்தில் அவளைக் கூரைக்காரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். வீட்டு வரைபடத்தில் சுவரையும் கதவையும் யார் வேண்டுமானாலும் இழுத்து வைத்துவிடலாம். கூரைதான் ஆளைப் பாடாய்ப் படுத்தும். முன்பக்கச் சரிவும் பக்கச் சரிவும் ஒரே உயரத்தில் தொடங்கவில்லை என்றால், மேலே போய் ஒன்றோடொன்று சேராமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும். கம்ப்யூட்டர் திரையில் அப்படி ஒரு கூரை கோணிக்கொண்டு நின்றால், வரைந்தவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு, "அம்மா, கொஞ்சம் வந்து பாருங்களேன்" என்பார். அவள் போய், எந்தச் சரிவின் உயரம் எங்கிருந்து அளக்கப்பட்டிருக்கிறது என்று பார்ப்பாள். ஒரு எண்ணை மாற்றுவாள். கூரை சமத்தாகச் சேர்ந்துகொள்ளும். இருபது வருடமாக அதுதான் அவள் சோறு, அதுதான் அவள் கெத்து.

அவளுடைய அண்ணன் லாரி ஓட்டியவர். உயரமான ஆள், வாயை மூடத் தெரியாதவர். ஊர் ஊராகப் போய்த் திரும்பும்போது ஒவ்வொரு தடவையும் சொல்ல ஒரு கதை இருக்கும். பாதி பொய் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் உட்கார்ந்து கேட்பார்கள். ஒருநாள் சரக்கு இறக்கும் இடத்தில் வண்டியின் மேலிருந்து விழுந்தார். முதுகெலும்பு போயிற்று. அதற்குப் பிறகு இடுப்புக்குக் கீழே உடம்பு அவருடையதாக இல்லை.

வாடகை வீடு மாடியில் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் நான்கு பேர் சேர்ந்து நாற்காலியோடு தூக்கி இறக்க வேண்டும். "மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி இருக்குடி பாப்பா" என்று அதற்கும் சிரிப்பார். அம்பதைத் தொடப்போகிற தங்கையை அவர் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிட்டார். அண்ணி மட்டும் சிரிக்க மாட்டாள். கடைசியில் பெரிய சாலையை ஒட்டி அவர்களுக்கு இருந்த மனையில், சின்னதாக ஒரு வீடு கட்டிக் கீழ்த்தளத்திலேயே இருந்துவிடலாம் என்று முடிவாயிற்று. யார் வரைவது என்ற கேள்வியே எழவில்லை.

"உனக்கு என்னண்ணா வேணும்?" என்று அவள் கேட்டாள்.

"எனக்கு என்ன பெருசா? படுத்துக்கிட்டே ரோடு தெரியணும். போற வண்டியெல்லாம் பாக்கணும். ஓட்டுறவன் மூஞ்சி தெரிஞ்சா தெரிஞ்சவனுக்குக் கை காட்டுவேன். வேற எதுவும் வேணாம், பாப்பா."

சாலை அந்த மனையைவிட உயரம். மனையில் நிற்பவரின் மார்பளவுக்கு மண் கொட்டி மேலே போட்டிருந்தார்கள். அதை நினைவில் வைத்துத்தான் அவள் தொடங்கினாள். சாலை பக்கமாக அண்ணனுக்கு ஓர் அறை, அகலமான ஜன்னல், வீட்டுக் கூரையின் சரிவே நீண்டு வந்து அந்த அறைக்கும் மேலே மூடுகிற மாதிரி. முதல் படம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு அண்ணி ஒரு நியாயமான விஷயம் சொன்னாள். சக்கர நாற்காலி முற்றத்திலிருந்து நேரே அறைக்குள் உருண்டு வர வேண்டும், சாய்தளம் ஏறி இறங்கத் தன்னால் தள்ள முடியாது என்றாள். வீட்டுத் தரை முற்றத்தைவிட இரண்டடி உயரம். சரிதான் என்று அவள் அந்த அறையின் தரையை மட்டும் அந்த இரண்டடி இறக்கினாள்.

தரையை இறக்கியபோது மென்பொருள் அவளிடம் ஒரு கேள்வி கேட்டது. கூரையும் கூடவே இறங்கட்டுமா? ஒரு நாளைக்குப் பத்துத் தடவை வருகிற கேள்வி. அவள் கை பழக்கத்தில் 'ஆம்' என்பதை அழுத்தியது. அறையின் கூரை தரையோடு சேர்ந்து இரண்டடி இறங்கிக்கொண்டது. வீட்டுக் கூரைக்கும் அதற்கும் நடுவே படி மாதிரி ஓர் இடைவெளி விழுந்தது. அதை அவள் பார்க்காமல் இல்லை. பார்த்தாள், அழகாக இருக்கிறதே என்று நினைத்தாள். வெயிலுக்கும் மழைக்கும் இருக்கட்டும் என்று கூரை ஓரத்தைச் சுவரைத் தாண்டி மூன்றடி வெளியே இழுத்தும் விட்டாள். சாலையில் நின்று வீட்டைப் பார்க்கிற ஆளின் கண் உயரத்தில் ஒரு படம் எடுத்து வண்ணத்தில் அச்சிட்டுக் கொண்டுபோனாள். அண்ணன் அதைத் தலைமாட்டுச் சுவரில் ஒட்டச் சொன்னார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "எங்க பாப்பா போட்டது" என்று காட்டினார்.

சுவர் எழும்பியபோது அண்ணி போன் செய்தாள். அலுவலகத்தில் அவள் எதிரே ஒரு வாடிக்கையாளர் உட்கார்ந்திருந்தார்.

"பாப்பா, அவரு ரூம்ல கூரை கொஞ்சம் தாழ்வா வருதோன்னு தோணுது. மேஸ்திரியும் ஒருதடவ கேட்டுக்கச் சொன்னாரு."

"கட்டிட்டு இருக்கும்போது எல்லாமே சின்னதாத்தான் தெரியும் அண்ணி. கம்ப்யூட்டர் போட்ட அளவு, தப்பாகாது. படத்துல இருக்கறபடியே வைக்கச் சொல்லுங்க."

கோப்பைத் திறந்து பார்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? எதிரே இருந்தவர் ஒரு வாய் காபி குடிக்கிற நேரம். அவள் திறக்கவில்லை.

குடிவந்த அன்று வீடு நிறைய ஆட்கள். எல்லோரும் அவளைப் பாராட்டினார்கள். அண்ணனைக் கட்டிலில் படுக்கவைத்ததும் அவர் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பினார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்ததே அவளுக்கு என்னவோபோல் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, அவர் தலையணைக்குச் சமமாகக் குனிந்து பார்த்தாள்.

ஜன்னலின் மேல்பாதி முழுக்கக் கூரை ஓரத்தின் அடிப்பாகம். அதற்குக் கீழே சாலையின் மண்சரிவு. இரண்டுக்கும் நடுவே ஒரு கீற்று. அந்தக் கீற்றில் சக்கரங்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன.

"டயரைப் பாத்தே வண்டியைச் சொல்லிடுவேன் தெரியுமா? இப்போ போச்சே, பத்து சக்கரம். பின்னாடி உள் டயர்ல காத்து கம்மி" என்றார் அண்ணன்.

மறுநாள் அவள் அலுவலகத்தில் கோப்பைத் திறந்தாள். அந்த ஒரு சரிவின் உயரத்தை வீட்டுத் தரையிலிருந்து அளக்கும்படி மாற்றினாள். கூரை எழும்பியது, படி மறைந்தது, இரண்டு சரிவும் ஒன்றானது. கட்டிலில் படுத்திருப்பவர் கண்ணிலிருந்து பார்த்தாள். படத்துச் சாலையில் அவள் நிறுத்தியிருந்த பொம்மை லாரியின் ஓட்டுநர் இருக்கை முழுசாகத் தெரிந்தது. அவள் திரையை அணைத்துவிட்டுக் கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

திரும்பி வந்து, கட்டியபடியே இருந்த படத்தைத் திறந்தாள். கட்டிலை உயர்த்தினால்? பார்வை இன்னும் சீக்கிரம் கூரையில் முட்டியது. தாழ்த்தினால் ஜன்னலின் கீழ்ச்சுவர் மறைத்தது. தள்ளினாள், திருப்பினாள், எல்லா மூலையிலும் போட்டுப் பார்த்தாள். கூரையைப் பிரித்து, சுவரை உயர்த்தினால்தான் உண்டு. அதற்கு அண்ணனை மறுபடி ஏதாவது ஒரு வாடகை வீட்டு மாடிக்குத் தூக்க வேண்டும். அவருக்கு அப்போதே மூச்சிரைப்பு தொடங்கியிருந்தது. சிமெண்ட் தூசியே ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"விடு பாப்பா. நல்லாத்தானே இருக்கு. அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் அண்ணன்.

கூரை ஓரத்தில் ஒரு அடியை மட்டும் அறுத்து எடுத்தார்கள். அதற்கு மேல் எடுத்தால் மழை கட்டில்மேலேயே விழும். இப்போது லாரியின் கதவுக் கைப்பிடி வரைக்கும் தெரிந்தது. ஓட்டுகிறவர் முகம் தெரியவில்லை. ஆனாலும் தெரிந்த வண்டி என்று தோன்றினால் அண்ணன் கையைத் தூக்கிக் காட்டுவார். அந்தப் பக்கமிருந்து யார் பார்த்திருக்கப் போகிறார்கள்? அவள் வாரம் தவறாமல் போவாள். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காருவாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தால், அவர் ஏதாவது ஒரு கதையை எடுத்துவிடுவார். அவர் கண்ணை மூடும்வரைக்கும் அந்தப் பேச்சு அவர்களுக்குள் முடியவே இல்லை.

அண்ணன் போய் வருடம் திரும்பிய பிறகு, அண்ணி அந்த அறையில் தையல் வகுப்பு நடத்தப் போவதாகச் சொன்னாள். கூரையை உயர்த்த வேண்டும் என்றாள். தங்கையே வரைந்து கொடுத்தாள். வேலை நடந்த நாளெல்லாம் லீவு போட்டுவிட்டுக் கூடவே நின்று, கையில் டேப்பை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சட்டத்தையும் அளந்தாள். முடிந்த அன்று சாயங்காலம், காலியான அறையில் இரண்டு பேரும் டீ குடித்தார்கள். ஜன்னல் நிறைய சாலை தெரிந்தது.

"அண்ணா ஒருதடவகூட என்னத் திட்டல, அண்ணி."

அண்ணி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"திட்டினாரு. உன்கிட்ட இல்ல, என்கிட்ட. நீ வந்துட்டுப் போன ஒரு நாளு, முகத்தைச் சுவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டாரு. ஊருல இருக்கறவன் வீட்டுக்கெல்லாம் பாத்துப் பாத்துப் போடுறா, எனக்குன்னு போட்டப்ப ஒருதடவ இந்தக் கட்டில் உசரத்துலேர்ந்து பாக்கத் தோணலயே அவளுக்குன்னாரு. அப்புறம், இத அவகிட்ட சொல்லிடாதன்னாரு."

அவள் மடியிலிருந்த டேப்பை இழுத்து, மறுபடி சுருளவிட்டாள்.

"என்கிட்டயே சொல்லியிருக்கலாம் அவரு."

"சொல்லியிருந்தா நீ வாராவாரம் வந்திருப்பியா?"

வந்திருப்பேன் என்று சொல்ல நினைத்தாள். உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அண்ணி எழுந்து, தையல் மிஷினை எந்தச் சுவர் ஓரமாகப் போட்டால் வெளிச்சம் சரியாக விழும் என்று கேட்டாள். இரண்டு பேருமாக அதைத் தூக்கி, ஒவ்வொரு இடமாக வைத்துப் பார்க்கத் தொடங்கினார்கள்.