ஆத்தாவின் ஓரப்பார்வை

எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. நான் வரைந்த பிள்ளையாரைப் பார்த்து வாத்தியார், "எலி நல்லாருக்கு" என்றார். எலியை நான் வரையவே இல்லை. அப்பேர்ப்பட்ட என்னைத்தான் ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு காளியம்மன் சிலைக்கு வர்ணம் அடிக்கக் கூப்பிட்டார்கள்.

கண்ணைக் கடைசியில்தான் திறப்பார்கள். திறக்கிறவன் விரதம் இருக்க வேண்டும். திறந்த கண்ணில் அடுத்த திருப்பணி வரை பிரஷ் படக்கூடாது. எனக்கு நம்பிக்கையெல்லாம் பிரஷ் மேல்தான், சாமி மேல் அவ்வளவாக இல்லை. ஆனாலும் பூசாரிக்குப் பயந்து, வாழ்க்கையில் முதல்முறையாக ஒழுங்காகப் பட்டினி கிடந்தேன். பசியில் கை நடுங்கி, இடது கருவிழி ஓரத்துக்கு நழுவிவிட்டது.

"அண்ணே, ஒரே இழுப்பு. சரி பண்ணிருறேன்."

"தொட்ட, கை இருக்காது. ஆத்தா முழிச்சிட்டா," என்றார் பூசாரி.

தேனி டீக்கடையில் மற்ற பெயிண்டர்கள் விடவில்லை. "ஏலே, ஆத்தாவ எப்ப கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போற?"

திருவிழா அன்று மானங்கெட்டுப் போய் நின்றேன். படியேற முடியாத ஒரு அக்கா, மூன்று சக்கர வண்டியில் வாசலோரம் இருந்தார். என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"நீங்கதான் வரைஞ்சீகளா? இத்தன வருசமா ஆத்தா நேரா நிக்கிறவுகளத்தான் பாத்தா. இப்பத்தான் இங்கன பாக்குறா."

வண்டிக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தேன். உண்மைதான். அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். 'பசியில கை தப்பிருச்சுக்கா' என்பது நாக்கு நுனி வரை வந்தது. எதையும் அடக்கத் தெரியாத வாய், அன்று மூடிக்கொண்டது.

ஒரே கறுப்புப் பொட்டு. எனக்கு அது பிழை, அவருக்கு அது ஆத்தா. இரண்டில் எது நிஜம் என்று இன்றுவரை என் மண்டைக்கு எட்டவில்லை.

பல வருடம் கழித்து இப்போது மறுபடி திருப்பணி. பழைய வர்ணத்தைச் சுரண்டியதும் கண் இரண்டும் வெள்ளையாகிவிட்டன. என் அவமானத்தைத் துடைக்க இதைவிட நல்ல நேரம் வராது. வாசலோரம் அதே வண்டி நின்றது. அந்த அக்காவுக்குத் தலை நரைத்திருந்தது. கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விரதந்தான?" என்றார் பூசாரி.

"ஆறு இட்லிண்ணே."

"நாசமாப் போறவனே! எதுக்குடா?"

"கை நடுங்காம அதே தப்பப் பண்ணணும்ல."

பூசாரி வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நான் கேக்கல, நீ சொல்லல" என்று திரும்பி நின்றுகொண்டார்.

வலது கண்ணைச் சட்டென்று முடித்தேன். இடது கண்ணுக்கு மூன்று தடவை வாசல்வரை போய், வண்டிக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்துவிட்டு வந்துதான் பொட்டு வைத்தேன்.