எதை முதலில் படிப்பிப்பது

ஆசிரியர் கலாசாலையில் எல்லோரும் கொட்டாவி விட்ட பாடம் ஒன்று இருந்தது. மொழிக்குப் பாடத்திட்டம் அமைப்பது எப்படி என்பதுதான் அது. எனக்கு மட்டும் அது துப்பறியும் கதை மாதிரி இருந்தது. ஒரு மொழி முழுவதும் உங்கள் முன்னால் குவிந்து கிடக்கிறது. அதில் ஒரு சொல்கூடத் தெரியாத ஒருவர் வந்து கை நீட்டுகிறார். அவருக்கு எதை முதலில் எடுத்துக் கொடுப்பீர்கள்?

மூன்று வழி இருப்பதாக விரிவுரையாளர் சொன்னார். முதல் வழி இலக்கணத்தை ஏணியாக வைத்துப் படிப்படியாக ஏற்றுவது. இரண்டாவது வழிக்கு இடங்கள் முக்கியம். கடையில் என்ன பேசுவது, தபால் கந்தோரில் என்ன பேசுவது, ஆஸ்பத்திரியில் என்ன பேசுவது என்று பிரித்துப் படிப்பிப்பது. மூன்றாவது, மனிதர்கள் பேச்சால் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பது. கேட்பது, மறுப்பது, மன்னிப்புக் கேட்பது, கெஞ்சுவது. இதில் எது சரி என்று நான் எழுந்து கேட்டேன். "பரீட்சைக்கு மூண்டையும் எழுதுங்கோ" என்றார். எழுதினேன், நல்ல புள்ளியும் கிடைத்தது. கேள்வி மட்டும் அப்படியே கிடந்தது.

தொண்ணூறுகளில் ஆரையம்பதியில் ஆங்கில ஆசிரியையாக இருந்தேன். வாடகைக்கு இருந்த வீட்டுக்குப் பக்கத்து வளவில் தையல்காரி ஒருத்தி இருந்தாள். என் சட்டைகளையெல்லாம் அவள்தான் தைத்தாள். அவளுடைய கணவர் வாவியில் வலை வீசுகிறவர். ஒருநாள் விடியற்காலையில் நடந்த சுற்றிவளைப்பில் கரையில் நின்ற ஆண்கள் எல்லோரையும் ஆமி ஏற்றிக்கொண்டு போனது. மற்றவர்கள் மாலைக்குள் வந்துவிட்டார்கள். அவர் வரவில்லை. டவுனுக்குக் கிட்ட உள்ள காம்பில் வைத்திருக்கிறார்கள் என்று ஊரில் பேச்சு.

அவள் காம்ப் வாசலுக்கு நடையாய் நடந்தாள். அங்கே ஆமிப் பெரியவன் ஒருவனும், அவன் சிங்களத்தில் சொல்வதைத் தமிழில் சொல்ல ஒருவனும் இருந்தார்கள். ஒருநாள் அங்கிருந்து திரும்பி வந்தவள் நேரே என் வீட்டுக்குள் வந்தாள்.

"டீச்சர், அந்தப் பெரியவன் கைய ஆட்டி ஆட்டி எவ்வளவு நேரம் கதைச்சான் தெரியுமா? இவன் ‘இல்லையாம், போ’ எண்டு ரெண்டு சொல்லுல முடிச்சிட்டான். மிச்சக் கதையெல்லாம் எங்க போன?"

எனக்கு அது நியாயமான கேள்வியாகப் பட்டது.

"உங்களுக்குச் சிங்களம் தெரியும்தானே? எனக்குப் படிச்சுத் தாங்க. நானே கேட்டுக்கிறன்" என்றாள்.

எனக்குச் சிங்களம் தெரியும் என்பது ஊரில் பலருக்குத் தெரியாது. அப்பா ரயில்வேயில் வேலை செய்தபடியால் சிங்கள ஊர் ஒன்றில்தான் பிள்ளைக் காலம் போனது. அந்த நாட்களில் அதை வெளியே சொல்லிக்கொண்டு திரிய முடியாது. ஒரு பக்கத்தான் "உனக்கேன் சிங்களம்?" என்பான், மறுபக்கத்தான் "உனக்கெப்படிச் சிங்களம்?" என்பான். ஆகவே அவளுடைய தையல் மெஷினுக்கு முன்னால்தான் வகுப்பு. யாராவது எட்டிப் பார்த்தால் சட்டைக்கு அளவு கொடுக்கிறோம். இப்படி அளவு கொடுத்தே நான் அந்த வருடம் தேவைக்கு மேல் சட்டை தைத்துவிட்டேன்.

இரண்டாவது மாணவி தானாக வந்து சேர்ந்தாள். தலையில் கடகத்தோடு டவுனுக்கு மீனும் இறாலும் கொண்டுபோய் விற்கிற பெண். தையல்காரிக்கு மாமி முறை. வழியில் ஆமி மறித்துச் சோதிக்கிற சென்றியில் நல்ல மீனாகப் பார்த்துத் தூக்கி எடுக்கிறார்கள் என்பது அவளுடைய முறைப்பாடு.

நான் புத்தம் புதிதாகப் படித்து வந்தவள் அல்லவா, ஏணியை எடுத்து வைத்தேன். இது மேசை, அது மரம், அது நாய். இரண்டு நாள் பொறுமையாகச் சொல்லிப் பார்த்த தையல்காரி மூன்றாம் நாள் மெஷினை நிறுத்தினாள்.

"காம்ப் வாசல்ல போய் நிண்டு, மரத்தக் காட்டி ‘இது மரம்’ எண்டு சொன்னா அவன் என்ன நினைப்பான் டீச்சர்? எனக்கு விசர் எண்டுதானே?"

"நாயக் காட்டி நாய் எண்டு சொன்னா சுட்டிருவான்" என்றாள் மாமி.

ஏணியை மடித்து வைத்துவிட்டு இரண்டாவது வழிக்குப் போனேன். இடங்கள் நமக்குத் தெரிந்தவைதான். சென்றி, காம்ப் வாசல், ஆஸ்பத்திரி. புத்தகத்தில் உணவகமும் நூலகமும் இருந்தன, எங்களுக்கு அவை தேவைப்படவில்லை. மாமி சேலையை இழுத்துச் செருகி, விளக்குமாற்றைத் துவக்காகப் பிடித்துக்கொண்டு கதவடியில் நிற்பாள். ஆமிக்காரன் மாதிரி உடம்பை அலட்சியமாகச் சாய்த்து நிற்பது அவளுக்கு அச்சொட்டாக வந்தது. தையல்காரி வருவாள். "மாத்தயா, என் கணவர் இங்கே இருக்கிறாரா? பெயர் இன்னது. வாவியில் மீன் பிடிக்கிறவர். அவரைப் பார்க்க விடுவீர்களா?" எல்லாம் சிங்களத்தில். மாமிக்குப் பதில் சொல்லத் தெரியாது, உறுமுவாள். நாங்கள் சிரிப்போம். கணவர் எங்கே என்று தெரியாத அந்த வேளையிலும் தையல்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த உரையாடலின் கடைசி வரியில் எங்களுக்குள் ஒரு சண்டை வந்தது. "ஸ்தூதி மாத்தயா" என்று முடிக்க வேண்டும் என்றேன், நன்றி ஐயா என்று அர்த்தம். தையல்காரி ஒத்துக்கொள்ளவில்லை.

"ஆளையும் தராம வச்சிக்கிட்டு இரிக்கிறவனுக்கு என்னத்துக்கு நன்றி?"

யோசித்துப் பார்த்தால் எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு வேலையே இல்லை. கூட்டங்களில் நன்றியுரை சொல்வார்கள், அதோடு சரி. கடைக்காரருக்கும் சொல்வதில்லை, பிள்ளைப்பேறு பார்த்தவளுக்கும் சொல்வதில்லை. "அப்ப வாறன்" என்பதில் எல்லாம் அடங்கிவிடும். ஆனால் நான் வளர்ந்த ஊரில் அப்படி முடித்தால் பேச்சு கொஞ்சம் இளகும் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லித்தான் அவளை இணங்க வைத்தேன். பிறகு எல்லாவற்றையும்விட அதையே சுத்தமாக உச்சரித்தாள்.

மூன்றாவது வழியையும் விடவில்லை. மறுப்பது எப்படி என்று மாமி கேட்டாள். மீனை எடுக்காதே என்று துவக்கு வைத்திருப்பவனிடம் எப்படிச் சொல்வது? மறுக்கிற மாதிரித் தெரியாமல் மறுக்க வேண்டும். "மாத்தயா, இது நேற்றையது, வயிற்றுக்குக் கூடாது" என்ற வசனத்தைச் செய்து கொடுத்தேன். அது பலித்தது. மாமி ஒரு கூறு இறாலோடு வந்து என் வாசலில் நின்றாள். கெஞ்சுவதற்கும் ஒரு பாடம் வைத்தேன். தயவுசெய்து, கும்பிட்டுக் கேட்கிறேன், பிள்ளைகள் இருக்கிறார்கள். இவற்றில் எதை முன்னே வைப்பது, எதைப் பின்னே வைப்பது என்று இருந்து யோசிப்பேன். எளிதானதை முன்னே வை என்று புத்தகம் சொல்கிறது. எங்களுக்கோ எதற்கு அதிகம் பயமோ அதுதான் முன்னே வந்தது.

ஒருநாள் காலை பஸ்ஸில் தையல்காரி தனியாகக் காம்புக்குப் போனாள். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் நான் வெளியே வர, கேற்றடியில் நின்றுகொண்டிருந்தாள். வாய் அசைந்துகொண்டே இருந்தது. "என்னவாம்?" என்று ஓடிப் போய்க் கேட்டேன். பேச வேண்டாம் என்று கையைக் காட்டினாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு சிங்களத்தில் சொல்லத் தொடங்கினாள். பொருள் ஒன்றும் தெரியாமல், பெரியவன் சொன்ன சத்தத்தை மட்டும் அப்படியே பஸ்ஸில் கொண்டு வந்திருந்தாள். நிறைகுடத்தைத் தளும்பாமல் கொண்டு வருகிற மாதிரி. அந்த ஆளை இங்கே கொண்டு வந்தார்கள், என்பது தெளிவாக இருந்தது. இப்போது இங்கே இல்லை, என்பதும் இருந்தது. அதோடு நின்றுவிட்டாள்.

"மறுகா?" பிறகு என்ன சொன்னான் என்று அவசரப்படுத்தினேன்.

"மறுகாவும் சொன்னான் டீச்சர். நிறையச் சொன்னான். சென்றியில இறக்கி எங்க போற எண்டு கேட்டானுகள். நீங்க படிச்சுத் தந்தத அவனுகளுக்குச் சொன்னன். அதுக்குள்ள இது வாயில இருந்து போயிற்று."

"பெரியவன் சொல்லி முடிய நீ என்ன சொன்ன?"

"ஸ்தூதி மாத்தயா எண்டன்." அப்படியே மதில் ஓரமாகக் குந்திவிட்டாள். "அவன் என்ன சொன்னானெண்டு தெரியா. நன்றி சொல்லிட்டு வந்திரிக்கன்."

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இலக்கண வழி, இட வழி, செயல் வழி என்று மூன்று வழியையும் வகுத்தவர்கள் மேல் கோபம். மூன்றிலும் படிக்கிறவர் என்ன சொல்ல வேண்டும் என்பதுதான் இருந்தது. எதிரில் நிற்பவன் வாயைத் திறந்தால் என்ன செய்வது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. மாமி உறுமியபோது நாங்கள் சிரித்தோம். அந்த உறுமல் இருந்த இடத்தில்தான் பாடமே இருந்திருக்க வேண்டும்.

அன்றிலிருந்து பாடத்தைத் தலைகீழாக மாற்றினேன். விளக்குமாறு என் கைக்கு வந்தது. அவள் ஒரேயொரு கேள்வி கேட்பாள், நான் விதம் விதமாகப் பதில் சொல்வேன். விட்டுவிட்டோம். வேறு காம்புக்கு மாற்றினோம். தெற்கே சிறைக்கு அனுப்பினோம். நாளைக்கு வா. எனக்குத் தெரியாது. வேகமாகவும் சொல்வேன், வெற்றிலை மெல்லுகிற மாதிரியும் சொல்வேன், முகத்தைத் திருப்பிக்கொண்டும் சொல்வேன். அவள் வாய் திறந்து சிங்களம் பேசவே தேவையில்லை. கேட்டவுடன் தமிழில் சொன்னால் போதும். ஒரு வாரத்துக்குள் நான் வசனத்தை முடிக்குமுன்னே பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர், ஒண்ட விட்டுட்டீங்க" என்றாள் ஒருநாள்.

எதைச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். மாமி எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

"அது தேவைப்படாது" என்றேன்.

"தேவைப்படாட்டி நல்லம். ஆனா அவன் அதச் சொல்லக்குள்ள எனக்கு விளங்கணும். விளங்காம சும்மா பாத்துக்கிட்டு நிண்டிரக் கூடாது. சொல்லுங்க."

செத்துப்போனார் என்பதற்குச் சிங்களத்தில் இரண்டு மூன்று விதம் உண்டு. மரியாதையாகச் சொல்வது ஒன்று, சாதாரணமாகச் சொல்வது ஒன்று, காம்பில் சொல்லக்கூடியது ஒன்று. மூன்றையும் சொன்னேன். என் வாயால் அவளுடைய கணவரை மூன்று முறை சாகடித்த மாதிரி இருந்தது. அவள் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு, தைத்துக்கொண்டிருந்த சட்டைக் கை மடிப்பைத் தொடர்ந்தாள்.

அடுத்த முறை போய் வந்தவள் படலை திறக்குமுன்னே சத்தம் போட்டாள். "தெற்கால சிறைக்கு அனுப்பினயாம்! உயிரோட இரிக்காராம்! முழுக்க விளங்கிச்சு டீச்சர்!" மாமி அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். நானும் அழுதேன். என்னுடைய ஆசிரியத் தொழிலில் அதைப் போல ஒரு பெறுபேறு பிறகு வரவேயில்லை.

சில வருடங்கள் கழித்து அவளுடைய கணவர் வந்தார். மெலிந்து, காது ஓரம் நரைத்து. வந்த ஆள் சிங்களம் பேசினார். எங்களைப் போல எண்ணி எண்ணிப் பேசாமல், கடகடவென்று பேசினார். சென்றியில் அவர் பேசிய அழகைத் தையல்காரி என்னிடம் பெருமையாகச் சொன்னாள். எனக்குப் பழைய ஆர்வம் தலைதூக்கிவிட்டது. புத்தகம் இல்லை, படிப்பிக்க ஆள் இல்லை. அப்படியானால் எது முதலில் வந்திருக்கும், எது பிறகு வந்திருக்கும்?

ஒருநாள் சட்டை வாங்கப் போனபோது கேட்டேவிட்டேன். அவர் வாசலில் இருந்து வலைக்கு ஈயக்குண்டு கோத்துக்கொண்டிருந்தார். உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"முதல்ல எண்ணிக்கை டீச்சர். காலையில வரிசையா நிக்க வச்சு எண்ணுவானுகள். நம்மட எண் வரக்குள்ள நாமதான் சொல்லணும். மறுகா தண்ணி. மறுகா எழும்பு, இரி, திரும்பு. இப்பிடியே கதையும் வந்திற்று."

எனக்கு அது மிகவும் சுவையாக இருந்தது. இது எந்த வழியிலும் சேராத வரிசை. மனதுக்குள் மூன்றாவது வழியின் தலைப்புகளை ஓட்டிப் பார்த்தேன்.

"கெஞ்சுறது? அது எப்ப படிச்சீங்க?"

அவர் ஈயக்குண்டை நூலில் தள்ளிக்கொண்டே சொன்னார். "அதுக்குப் பாஷ தேவப்படல்ல டீச்சர். அந்த நேரம் வாயில வாறது அவனுகளுக்கு நல்லா விளங்கும்."

மெஷின் நின்றுவிட்டது. அங்கே அவரை என்ன செய்தார்கள் என்று அவர் வந்த நாளிலிருந்து அவள் கேட்காமல் வைத்திருந்ததை, நான் பாடத்திட்டம் என்ற பேரில் கேட்டுவிட்டேன். திரும்பிப் பார்த்தேன். மெஷின் சில்லின் மேல் கையை வைத்தபடி அவள் அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அடுத்த குண்டை எடுத்துக் கோத்தார்.