எட்டாவது இலை

குடியிருப்பில் அவருக்கு வைத்திருந்த பேர் ஏழுகுதிரை. மருந்து லேபிள் அடிக்கும் அச்சகத்தில் மேற்பார்வையாளர். இருபத்தாறு வருஷம் தலையாட்டித் தலையாட்டியே அந்த நாற்காலிக்கு வந்து சேர்ந்தவர். முதலாளி பகலை ராத்திரி என்று சொன்னால் இவர் எழுந்து போய் விளக்கைப் போடுவார். ஆனால் ரதசப்தமி வந்துவிட்டால் ஆளே வேறு. அக்கம்பக்கத்தாரை மொட்டை மாடியில் உட்கார வைத்து, சூரியனுடைய தேருக்கு ஏழு குதிரை, ஓட்டுகிற அருணனுக்குக் கால் கிடையாது என்று ஆரம்பிப்பார். சூடு தாங்காமல் தன் நிழலைப் பெண்டாட்டியாக விட்டுவிட்டு ஓடிப்போன சூரியன் மனைவி கதையும் வரும். இதைக் கேட்கும்போதெல்லாம் இவருடைய மனைவி, அவள் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொள்வாள்.

பீஷ்மர் கதைக்கு வந்தால் மனிதருக்குக் குரல் தழுதழுக்கும். அம்புப் படுக்கையில் கிடந்த பீஷ்மருக்கு உயிர் பிரியவில்லை. ஏன்? சபையில் ஒரு பெண்ணை மானபங்கம் செய்தபோது பார்த்துக்கொண்டு சும்மா இருந்த பாவம். அதை எரிக்கச் சூரியனின் சூடு வேண்டும், அந்தச் சூடு எருக்கிலையில் இருக்கிறது என்று வியாசர் அவர் உடம்பை அந்த இலையால் மூடினார்.

"அதனாலதான் நாமளும் இலை வெச்சுக் குளிக்கிறோம். தப்பு பண்றது மட்டும் பாவமில்ல, பார்த்துட்டுப் பேசாம இருக்கறதும் பாவம்!" என்று முழங்குவார். கேட்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். மனைவி எழுந்து கீழே போய்விடுவாள்.

வருஷா வருஷம் ரயில் பாதையோரம் போய் இலை பறித்து, பால் வடிவதைத் துடைத்து வைப்பவள் அவள்தான். தலைக்கு ஒன்று, கண்ணுக்கு இரண்டு, தோளுக்கு இரண்டு, காலுக்கு இரண்டு.

அவளுடைய தங்கையும் அதே அச்சகத்தில் பிழை பார்க்கிறவள். போன வாரம் காலாவதித் தேதி தப்பாக இருந்த தாளை மேனேஜரிடம் காட்டி, "இதை மெஷின்ல ஓட்டாதீங்க சார்" என்றாள். "நேரமில்ல, ஓட்டு" என்றார் அவர். ஏழுகுதிரை பக்கத்தில்தான் நின்றார். மருந்துக் கம்பெனி மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்பியதும் பழி தங்கை தலையில் விழுந்தது. விசாரணையில் இவரைக் கேட்டார்கள். "மெஷின் சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கல" என்றார் மகானுபாவர்.

இன்று ரதசப்தமி. பத்து மணிக்குள் இவர் நாலு வரி எழுதிக் கொடுத்தால் தங்கைக்கு வேலை தங்கும். இல்லாவிட்டால் போச்சு. அவள் விடியும்முன்பே வந்து கூடத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"அத்தான் எழுதித் தருவாரா, அக்கா?"

அக்கா தட்டோடு குளியலறைக்குப் போனாள். தட்டில் இலைகள், ஒரு வெள்ளைத் தாள், பேனா.

அவர் முக்காலியில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார். "என்னது, எட்டு இருக்கு?"

"எட்டாவது வாய்க்கு."

"வாய்க்கு வைக்கிற வழக்கமே இல்லையே!"

"பேசாம இருந்தது வாய்தானேங்க? உங்களுக்கு இலைகூட வேண்டாம். நடந்ததை நடந்தபடி இந்தத் தாள்ல எழுதிடுங்க. வாய் தானா சுத்தமாயிடும்."

"நல்ல நாளும் அதுவுமா ஆபீஸ் பேச்சு எதுக்கு? மேனேஜர் என்னைச் சும்மா விடுவாரா?"

"அவ வெளில உக்காந்திருக்கா."

அவர் தாளையே பார்த்தார். கை பேனா பக்கம் நகர்ந்தது. இத்தனை வருஷம் குடும்பம் நடத்திய பிறகும் அவள் ஒரு நிமிஷம் நம்பிவிட்டாள். அதை நினைத்தபோது அவளுக்கு அவர்மேல் வந்த வெறுப்பைவிடத் தன்மேல்தான் அதிகமாக வந்தது.

கை பேனாவைத் தாண்டிப் போய் எட்டாவது இலையை எடுத்தது. உதட்டின்மேல் பக்குவமாக ஒட்டவைத்துக்கொண்டார். மற்ற ஏழையும் முறைப்படி வைத்தார், கண்ணுக்கு இரண்டு உட்பட. பிறகு தலையை நீட்டி, தண்ணீர் ஊற்றும்படி கையால் ஜாடை காட்டினார்.

அவள் சொம்பைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

"என்னக்கா சொன்னார்?"

"பாவத்தைக் கழுவிட்டு இருக்கார். நீ வேற வேலை தேடிக்கோ. வா, மேனேஜர்கிட்ட ரெண்டு வார்த்தை நானே கேட்டுட்டு வர்றேன்."

இரண்டு பேரும் தெருவில் இறங்கினார்கள். உள்ளே அவர் தலையை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தார்.