பல் டாக்டருக்குக் கீழே ஒரு சலவைக் கடை

சின்னவளுக்கு உட்காரத் தெரியாது. சாப்பாட்டின் நடுவில் எழுந்துபோய்க் கதவு பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்ப்பாள். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் அடுத்த நிறுத்தத்துக்கே நடந்துவிடுவாள். வீட்டில் அவளுக்குப் பம்பரம் என்றுதான் பெயர். ஒன்பது வருஷம் ஒரு ஹோட்டலின் அடித்தளத்தில் சலவைப் பிரிவில் இருந்தாள். படுக்கை விரிப்புகள் துவைந்து வருகிற நாற்பது நிமிஷமும் தலையணை உறைகளை மடிப்பாள். மடிக்க ஒன்றும் இல்லையென்றால், மடித்ததைப் பிரித்து மறுபடி மடிப்பாள்.

ஹோட்டலுக்குப் பின்தெரு முழுக்க வாடகை அறைகள். நர்ஸுகள், கட்டட வேலைக்காரர்கள், ஒரு குளியலறையை எட்டுப் பேர் பங்குபோடுகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தத் தெரு பூராவும் ஈரத்துணி சொட்டும்.

"வாரத்துல கெடைக்கற ஒரே லீவயும் பக்கெட்டுக்குக் குடுத்துடறாங்கக்கா" என்று அக்காவிடம் சொன்னாள்.

சொன்ன மூன்றாம் மாதம் வேலையை விட்டாள். அந்தத் தெருவிலேயே ஒரு கீழ்த்தளக் கடையைப் பிடித்தாள். மூடிப்போன ஹாஸ்டல் ஒன்றிலிருந்து ஐந்து சலவை மெஷின்களும் இரண்டு உலர்த்தும் மெஷின்களும் லாரியில் வந்து இறங்கின. டோக்கன் போட்டால் மெஷின் ஓடும். துணி துவைகிறவரை பெஞ்சில் உட்கார்ந்து காற்று வாங்கலாம். அவ்வளவுதான் கடை. அதற்குள் அவளுடைய ஒன்பது வருஷச் சேமிப்பு மொத்தமும் இருந்தது.

மெஷின்களை நிறுத்திச் சரிசெய்யும் பொறுப்பை அக்கா எடுத்துக்கொண்டாள். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் மெஷின் ஓட்டுகிறவள் அவள். ஒரு திருகு தளர்ந்தால் தையல் கோணிவிடும் என்பது அவள் தினமும் கண்ட பாடம். இரண்டு நாள் லீவு போட்டு, பழைய பல் பிரஷால் இடுக்குகளைத் தேய்த்து, ஸ்பானரோடு ஒவ்வொரு மெஷினின் பின்பக்கமும் புகுந்தாள். கையால் திருகியதுபோல் லொடலொடவென்றிருந்த போல்ட்டுகளை எல்லாம் இறுக்கினாள். செய்ததைச் செய்தபடி நோட்டில் எழுதிவைத்தாள்.

கடை திறந்த முதல் நாளே மெஷின்கள் நடக்க ஆரம்பித்தன.

துவைக்கும்வரை சாது. தண்ணீர் பிழிகிற கட்டம் வந்ததும் பேய் பிடித்ததுபோல் ஆடும். சுவர் அதிரும், சோப்புத்தூள் டப்பா அலமாரியிலிருந்து குதிக்கும். முதல் மாடியில் பல் டாக்டர். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தவர், ஒரு திங்கட்கிழமை கையுறையோடேயே இறங்கி வந்தார்.

"ஏம்மா, கீழ ரயில் விடறியா?"

"சலவை மெஷின் டாக்டர்."

"நான் ஆடற பல்லப் பிடுங்கறவன். இப்ப நாற்காலியோட சேர்ந்து எல்லாப் பல்லும் ஆடுது. எதப் பிடுங்கறதுன்னே தெரியல."

பெஞ்சிலிருந்தவர்கள் சிரித்தார்கள். சின்னவளால் சிரிக்க முடியவில்லை. டாக்டருக்குப் பின்னாலேயே கட்டடத்துக்காரர் நின்றுகொண்டிருந்தார்.

"அவர் மாடிக்கு வந்து பதினெட்டு வருஷம். நீ வந்து பதினெட்டு நாள்கூட ஆகல. சனிக்கிழமைக்குள்ள இத நிறுத்து, இல்லன்னா காலி பண்ணு" என்றார் அவர்.

"மெஷின நிறுத்தறதா, ஆட்டத்த நிறுத்தறதா சார்?"

"ரெண்டுல ஒண்ணு."

அன்றிலிருந்து சின்னவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. செவ்வாய்க்கிழமை மெஷின்களுக்கு அடியில் ரப்பர் விரிப்பு போட்டாள். மெஷின்கள் விரிப்பையும் இழுத்துக்கொண்டு நடந்தன. புதன்கிழமை பாதித் துணிதான் போட வேண்டும் என்று எழுதி ஒட்டினாள். "அப்ப டோக்கனும் பாதியா?" என்று ஒரு நர்ஸ் கேட்டாள். அன்று மாலை சின்னவள் வேறு வழி தெரியாமல் ஓடுகிற மெஷின்மேல் தானே ஏறி உட்கார்ந்து அமுக்கினாள். அவளும் சேர்ந்து ஆடினாள்.

வேலை முடிந்து வந்த அக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள். "இறங்குடி. பம்பரத்துமேல பம்பரத்த வெச்ச மாதிரி இருக்கு."

வியாழக்கிழமை வந்த மெக்கானிக், பழைய மெஷின் ஆடத்தான் செய்யும் என்று சொல்லிவிட்டுப் போனான். ஹோட்டலில் எப்படி ஆடாமல் இருந்தது என்று யோசித்து யோசித்துப் பார்த்தாள். அங்கே மெஷினைத் தரையோடு தரையாகக் கான்கிரீட்டில் பதித்திருந்தார்கள். இது வாடகைக் கடை. ஆணி அடிக்கவே அனுமதி கேட்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலையில் ஒவ்வொரு மெஷினின் காலைச் சுற்றியும் சாக்பீஸால் கோடு போட்டாள். எது எவ்வளவு தூரம் நடக்கிறது என்று அளந்தாவது பார்ப்போம் என்றுதான். மாலையில் குனிந்து பார்த்தாள். நான்கு மெஷின்கள் கோட்டைத் தாண்டி ஒரு சாண் வந்திருந்தன. நாலாம் நம்பர் மட்டும் கோட்டுக்குள்ளேயே இருந்தது.

அக்கா வந்ததும் வராததுமாகச் சின்னவள் பிடித்துக்கொண்டாள். "நாலாம் நம்பருக்கு மட்டும் என்னக்கா செஞ்ச?"

அக்காவின் முகம் சுருங்கியது. "சொன்னா கத்துவ."

"கத்தல. சொல்லு."

அக்கா நோட்டைப் பிரித்துக் காட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து: பின்பக்கப் போல்ட் நான்கும் இறுக்கியாச்சு. நான்கு: போல்ட் காணோம், வாங்கிப் போட வேண்டும்.

"லாரியிலயே விழுந்திருக்கும்போல. நாலு கடை ஏறி இறங்கிட்டேன்டி, அந்த அளவு எங்கயும் இல்ல. அது ஒண்ணுதான் அரைகுறையா நிக்குதுன்னு எனக்கும் மனசு கேக்கல."

சின்னவள் நாலாம் மெஷினின் கதவைத் திறந்து உள்ளே இருந்த தொட்டியைக் கையால் தள்ளினாள். ஊஞ்சல்போல் அசைந்தது. ஒன்றாம் மெஷினில் தள்ளினாள். பாறையைத் தள்ளியதுபோல் இருந்தது.

"அக்கா, லாரியில வரும்போது தொட்டி ஆடக் கூடாதுன்னு மாட்டி அனுப்பின போல்ட்டுக்கா இது! ஓட்டும்போது கழட்டணும். உள்ள ஆட விட்டாத்தான் வெளிய ஆடாது. நீ கட்டிப் போட்டிருக்க!"

"நான் இறுக்கினது தப்பா?"

"இறுக்கினது பிரமாதம். அதுதான் தப்பு."

கடைசிக் கெடுவான சனிக்கிழமை, விடிந்ததும் அக்காவே ஸ்பானரோடு ஒன்றாம் மெஷினின் பின்பக்கம் புகுந்தாள். அவள் இறுக்கியதை அவளாலேயே அசைக்க முடியவில்லை. ஸ்பானர்மேல் காலை வைத்து மிதித்து ஒவ்வொன்றாகக் கழற்றினாள். நாலாவது போல்ட் வெளியே வந்ததும் உள்ளே டொக்கென்று தொட்டி இறங்கியது. "ஐயோ, ஒடஞ்சுபோச்சு!" என்று அலறினாள். சின்னவள் டோக்கனைப் போட்டாள். பிழிகிற கட்டம் வந்தது. மெஷின் ம்ம் என்று முனகியது, நின்ற இடத்திலேயே நின்றது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மிச்சம் பன்னிரண்டு போல்ட்டையும் சேர்ந்து கழற்றினார்கள்.

பத்தரை மணிக்கு ஐந்தையும் ஒன்றாக ஓடவிட்டு, சின்னவள் இரண்டிரண்டு படியாக மாடி ஏறினாள். டாக்டர் ஒரு நோயாளியின் வாயைவிட்டு நிமிர்ந்தார்.

"என்னம்மா, கீழ கரண்ட் இல்லையா?"

"ஓடுது டாக்டர். அஞ்சும் ஓடுது."

அவர் நம்பவில்லை. நோயாளியை வாய் திறந்தபடியே விட்டுவிட்டு இறங்கி வந்தார். ஓடுகிற மெஷின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு தன் வெள்ளைக் கோட்டைக் கழற்றிச் சின்னவளிடம் கொடுத்தார். "இதயும் போடு. ரத்தக்கறை போகுமா?"

"பச்சத் தண்ணில ஊற வெச்சா போகும் டாக்டர்."

கெடுவைப் பற்றி அதன்பிறகு கட்டடத்துக்காரர் வாயைத் திறக்கவில்லை. அடுத்த மாதம் அவர் வீட்டுப் போர்வைகளும் வந்து சேர்ந்தன.

இது நடந்து ஏழு வருஷம் ஆகிறது. இப்போது மூன்று கடைகள். மூன்றாவது திறந்தபோது எட்டுப் புது மெஷின்கள் வந்தன. கையேட்டைப் பிரிக்க யாரையும் விடாமல் அக்கா ஸ்பானரோடு பின்பக்கம் புகுந்தாள். "கழற்றியது முப்பத்திரண்டு" என்று நோட்டில் எழுதிக் கோடு போட்டுவிட்டு, தங்கையைக் கூப்பிட்டாள்.

"வந்து ஒரு நிமிஷம் உட்காருடி. உன் கடதானே?"

சின்னவள் அங்கே இல்லை. எதிர்வரிசையில் பூட்டிக் கிடந்த ஒரு கடையின் வாசலில் நின்று, குதிகாலால் தரையை ஓங்கி மிதித்துக்கொண்டிருந்தாள்.

"அங்க என்னடி பண்ற?"

"மாடில யாரு இருக்காங்கன்னு கேட்டியாக்கா?"