பதில் வந்தால்தான் லிஃப்ட் நகரும்

என் அக்கா புருஷனுக்கு எல்லாவற்றைப் பற்றியும் ஒரு கருத்து இருந்தது. யாரும் கேட்க வேண்டியதில்லை. குடியிருப்பில் அவருக்குப் பெயரே ‘கருத்து’தான். “கருத்து வர்றாரு, கதவைச் சாத்து” என்று மூன்றாம் மாடிக்காரர் தன் மனைவியிடம் சொன்னதை நானே காதால் கேட்டிருக்கிறேன். அவருக்கும் தெரியும். அதைப் பற்றியும் ஒரு கருத்து வைத்திருந்தார். பேர் வைக்கிற அளவுக்காவது நம்மைக் கவனிக்கிறார்களே, அது போதாதா என்பார்.

இருபத்தாறு வருடம் லிஃப்ட் மெக்கானிக். அவருடைய அரசியல், சட்டம், விஞ்ஞானம் எல்லாம் லிஃப்ட் ஏறி இறங்குகிற இருட்டுச் சுவருக்குள் படித்ததுதான். கதவை மூடச் சொல்லும் பட்டன் பல லிஃப்டுகளில் எதோடும் சேர்ந்திருக்காது என்று எனக்கு முதன்முதலில் சொன்னவர் அவர்தான்.

“சும்மா ஒரு பிளாஸ்டிக் மாப்ளே. அமுக்கினவனுக்கு மனசு ஆறணும், அவ்வளவுதான். கதவு மூடுற நேரத்துலதான் மூடும். ஓட்டும் அதே மாதிரிதான்.”

அப்படிச் சொன்னவர் ஒவ்வொரு தேர்தலிலும் விடிந்ததும் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு முதல் ஆளாகப் போய் வரிசையில் நிற்பார். ஏன் அத்தான் என்று கேட்டால், “வேலை செய்யுதோ இல்லையோ, பட்டனை அமுக்காம நிக்க முடியுமா?” என்பார்.

சட்டத்தின் மேலும் மரியாதை இல்லை. லிஃப்டுக்குள் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும் பரிசோதனைச் சான்றிதழ்தான் அவருக்குச் சட்டம். சோதனைக்கு வந்த அதிகாரி வாட்ச்மேனின் நாற்காலியில் உட்கார்ந்து, குளிர்ச்சியாக ஏதாவது குடித்துவிட்டு, அங்கேயே கையெழுத்துப் போட்டுப் போவதை வருடா வருடம் பார்த்தவர். “சட்டத்தை நல்லாத்தான் எழுதி வச்சிருக்கான். ஏறிப் பாக்கத்தான் ஆளில்ல.”

அவர் சொந்தமாக மதித்த ஒரே விதி வேறு. லிஃப்ட் பெட்டிக்கு மேலே ஒருவர் நின்று வேலை செய்வார், கீழே குழியில் இன்னொருவர் இருப்பார். மேலே இருப்பவர் “இறக்கவா?” என்று கத்த வேண்டும். கீழே இருப்பவர் “இறக்கு” என்று திருப்பிக் கத்த வேண்டும். சத்தம் வராமல் மேலே இருப்பவர் எதையும் தொடக் கூடாது. இவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாரோ அவசரப்பட்டு, பதில் வராததைச் சரி என்று எடுத்துக்கொண்டதில், கூட வேலை பார்த்தவருக்கு ஒரு பாதம் போயிற்று. அந்த மனிதர் குழிக்குள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாராம். மேலே இருப்பவனுக்கு அது எப்படித் தெரியும்?

அந்த விதியை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். “இன்னும் கொஞ்சம் சோறு வைக்கவா?” என்று கேட்டு, பதிமூன்று வயது மகள் தலையை ஆட்டினால் கரண்டி அந்தரத்தில் நிற்கும். “சத்தம் வரலை” என்பார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, “வைங்கப்பா” என்று கத்துவாள். எனக்கும் அப்படித்தான் நடந்திருக்கிறது. விருந்தாளி என்றெல்லாம் பார்க்க மாட்டார்.

ஐம்பது வயதில் இரண்டு சிறுநீரகமும் கைவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள், நாலு நாலு மணி நேரம், ரத்தத்தைச் சுத்தம் பண்ணும் மெஷினோடு படுத்துக் கிடக்க வேண்டும். நான் மரச்சாமான் கடையில் டெலிவரி வேலை பார்ப்பவன். பீரோவையும் கட்டிலையும் அடுத்தவன் வீட்டு மாடிக்கு ஏற்றுவது என் பிழைப்பு. மதிய வேளையில் வண்டி சும்மா நிற்கும்போது போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன்.

“நல்ல மெஷின் மாப்ளே இது” என்றார் ஒரு நாள். “என்னைப் பத்தி இதுக்கு ஒரு கருத்தும் இல்ல.”

சுவரில் ஒரு டி.வி. மதியம் பழைய பாட்டுப் போட்டியை மறுபடியும் போடுவார்கள். நடுவர்கள் அழுவதை அவரால் தாங்க முடியாது. “அங்க பாரு, இன்னும் சரணமே வரலை, அந்தம்மா கையில கர்சீப் வந்துடுச்சு. முன்னாடியே மார்க் போட்டு வச்சுட்டுதான் உக்கார்றாங்க.” நர்ஸ் தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் போட்டி நேரடியாக ஓடிய காலத்தில், மூக்குத்தி போட்ட ஒரு பெண்ணுக்காக மகளின் போனிலிருந்து பதினோரு ஓட்டுப் போட்டவர் இவர்தான். அது வெளியே தெரியக் கூடாது என்று மகளுக்குக் கண்டிப்பான உத்தரவு.

அவருடைய இதயம் இந்த மெஷினை ரொம்ப நாள் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சிறுநீரகம் மாற்றினால்தான் பிழைப்பார், அதுவும் சீக்கிரம். அக்காவுக்குச் சர்க்கரை, அவளால் கொடுக்க முடியாது. அத்தானுடைய சொந்த அண்ணன் பதினைந்து வருடமாகப் பேசுவதில்லை. அந்த அண்ணன் கல்யாணத்தன்று பெண் வீட்டாரைப் பற்றி இவர் சொன்ன ஒரு கருத்துதான் காரணம். என்ன கருத்து என்பது இப்போது யாருக்கும் ஞாபகம் இல்லை.

மிச்சம் இருந்தது நான்.

அக்கா என் அறைக்கு வந்தாள். எதுவும் கேட்கவில்லை. கழுவாமல் கிடந்த பாத்திரத்தைக் கழுவினாள், ஜன்னலைத் துடைத்தாள், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். மறுநாளும் வந்தாள். கிளம்பும்போது வாசலில் செருப்பைத் தேடியபடியே, “உனக்கு ரெண்டு இருக்குடா” என்றாள். நான் தலையை ஆட்டினேன். அப்படித்தான் ஒத்துக்கொண்டேன்.

ஒன்றை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். எனக்குப் பயமாக இருந்தது. பீரோ தூக்குகிற இடுப்பு, நாளைக்குத் தூக்க முடியாமல் போனால் என்ன வேலைக்குப் போவது என்றெல்லாம் காரணம் சொல்லலாம். அதெல்லாம் அப்புறம் யோசித்துச் சேர்த்துக்கொண்டது. நல்லா இருக்கிற உடம்பைக் கிழித்துக்கொள்ளப் பயம், அவ்வளவுதான். ஒவ்வொரு ரிப்போர்ட் வாங்கப் போகும்போதும் ஏதாவது ஒரு குறை இருக்காதா என்று வேண்டிக்கொண்டேன். எல்லாமே சரியாக இருந்தது. டாக்டர் என் தோளைத் தட்டி, குதிரை மாதிரி இருக்கிறாய் என்றார்.

அத்தான் ஒரே ஒரு தடவை கேட்டார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. “மாப்ளே, உனக்குச் சம்மதம்தானே?”

தலையை ஆட்டினேன். அவர் டி.வி.யைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

“சத்தம் வரலை.”

நர்ஸ் கூப்பிடுகிறார் என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன். நர்ஸ் யாரையும் கூப்பிடவில்லை.

ரத்த சொந்தம் இல்லாதவர் கொடுப்பதென்றால் ஒரு குழு இருவரையும் கூப்பிட்டு விசாரித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. மச்சினன் ரத்த சொந்தம் இல்லை. அன்று காலை அக்கா அவருக்குச் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டபடியே பாடம் நடத்தினாள்.

“கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லணும். கருத்து எதுவும் கூடாது. சரியா?”

அவர் தலையை ஆட்டினார்.

“சத்தம் வரலை” என்றாள் அக்கா.

“சரி” என்றார். மகள் சிரித்தாள். அந்த வீட்டில் நான் கேட்ட கடைசிச் சிரிப்பு அது.

அக்காவை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு எங்கள் இருவரை மட்டும் உள்ளே விட்டார்கள். நீள மேஜை, மூன்று பேர், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். ஏசி சத்தமாக ஓடியது. நடுவில் இருந்த அம்மாள் மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். பேப்பர்களைப் புரட்டிவிட்டு என்னிடம் கேட்டார்.

“யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தலையே? உங்க சொந்த விருப்பத்துலதான் குடுக்கறீங்க?”

தலையை ஆட்டினேன். அம்மாள் பேனாவை எடுத்தார். அது பேப்பரைத் தொடுவதற்குள் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

“மேடம், சத்தம் வரலை.”

“என்ன?”

“அவரு தலையைத்தான் ஆட்டினாரு. வாயால சொல்லலை.”

அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். “சரி, வாயால சொல்லுங்க தம்பி.”

ஒரே ஒரு வார்த்தை. ஆமாம் என்றால் போதும். ஆம் என்றாலும் போதும். வாயைத் திறந்தேன். மறுபடி மூடிக்கொண்டேன். ஓரத்தில் இருந்தவர் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தி வைத்தார். அத்தான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமே இல்லை. மேலே நின்றுகொண்டு, கீழே இருப்பவன் குரலுக்காகக் காத்திருக்கிற ஆள் மாதிரிதான் நின்றார். நல்ல நேரம் கொடுத்தார். இதை நான் மறைக்க மாட்டேன், வேண்டிய நேரம் கொடுத்தார்.

பிறகு அவர் பேச ஆரம்பித்தார்.

“சட்டத்தை நல்லாத்தான் எழுதியிருக்கீங்க மேடம். ஆனா பதில் வர்றதுக்கு முன்னாடியே பேனா கையில வந்துடுச்சு. டி.வி.யில பாட்டுப் போட்டி பாக்கறீங்களா? அதுல இப்படித்தான், பாட்டு முடியறதுக்குள்ள மார்க் போட்டுடறாங்க. கட்டாயம்னா என்ன நினைக்கறீங்க? கழுத்துல கத்தி வைக்கணுமா? என் மனைவி இவன் அறையில ரெண்டு நாள் போய் உக்காந்திருந்தா. பாத்திரம் கழுவினா. என் கருத்து என்னன்னா, அதுவும் கட்டாயம்தான்.”

இடது பக்கம் இருந்தவர் முகம் சிவந்து, “எங்களுக்குப் பாடம் எடுக்க வந்தீங்களா?” என்றார். அதற்கும் அத்தானிடம் ஒரு கருத்து இருந்தது. அம்மாள் ஃபைலை மூடினார். கொடுப்பவருக்குத் தனியாக ஆலோசனை சொல்ல வேண்டும், மூன்று மாதம் கழித்து மறுபடி விண்ணப்பிக்கலாம் என்றார்.

வெளியே வந்ததும் அக்கா எழுந்தாள். எங்கள் முகத்தைப் பார்த்தாள். நான் பேசுவதற்குள் அவர் பேசிவிட்டார்.

“என் வாய்தான். அடக்க முடியலை. தள்ளி வச்சுட்டாங்க.”

அக்கா கத்தவில்லை. கைப்பையால் அவர் மார்பில் ஒரு தடவை அடித்தாள், பிறகு அந்தப் பையையே முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். “எனக்காக ஒரே ஒரு நாள் சும்மா இருக்க முடியலையா உங்களால?” என்று கேட்டாள். கீழே இறங்க லிஃப்டில் ஏறினோம். அவர் வழக்கம்போல் சான்றிதழைப் பார்த்தார். “போன வருஷமே காலாவதி ஆயிடுச்சு” என்றார்.

அதன் பிறகு அக்கா அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். மருந்தைக் கொடுப்பாள், கால் வீக்கத்தைப் பார்ப்பாள், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவாள். பேச்சு மட்டும் கிடையாது. இன்னும் கொஞ்சம் வைக்கவா என்று அவர் கேட்க ஆள் இல்லை. அவள் தட்டில் போட்டுவிட்டுப் போய்விடுவாள், மகள் அறைக்குள் கதவைச் சாத்திக்கொள்வாள். எல்லாவற்றுக்கும் பேசுகிற மனிதர் அந்தச் சாப்பாட்டு மேஜையில் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டதை நான் பார்த்திருக்கிறேன். பார்த்துக்கொண்டு சும்மாதான் இருந்தேன்.

ஒரு மதியம் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து ஆரம்பித்தேன். “அத்தான், அன்னைக்கு நான்...”

“பாட்டைக் கேளு.”

அந்த மூக்குத்திப் பெண்தான் பாடிக்கொண்டிருந்தாள். பாட்டு முடிகிற வரை அவர் பேசவில்லை. முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார், “பதில் வரலைன்னா தொடக் கூடாது மாப்ளே. அது சட்டம் இல்ல. வேலை.”

“அக்காகிட்ட நான் சொல்லிடறேன்.”

“எதுக்கு? என் மேல கோவப்பட்டு அவளுக்குப் பழக்கம். தம்பியும் இல்லாம அவ என்ன பண்ணுவா?”

மூன்று மாதம் என்றால் பன்னிரண்டு, பதிமூன்று வாரம். ஆலோசனை சொல்கிறவர் என்னை இரண்டு தடவை போனில் கூப்பிட்டார். முதல் தடவை வண்டி ஓட்டுகிறேன் என்றேன். இரண்டாவது தடவை எடுக்கவில்லை. நாளைக்குப் போகலாம் என்று தினமும் நினைத்தேன், நிஜமாகவே நினைத்தேன். பத்தாவது வாரம், ஒரு புதன்கிழமை மதியம், மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவருடைய இதயம் நின்றுவிட்டது. நான் அப்போது ஐந்தாவது மாடிக்கு ஒரு சோபாவை ஏற்றிக்கொண்டிருந்தேன். அங்கே லிஃப்ட் வேலை செய்யவில்லை.

துக்கம் கேட்க ஆட்கள் வந்தார்கள். மூன்றாம் மாடிக்காரர் வந்து, ரொம்ப நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார். லிஃப்ட் கம்பெனியிலிருந்து ஒரு பாதம் இல்லாத கிழவர், கட்டையை ஊன்றிக்கொண்டு வந்தார். அக்கா வந்தவர்கள் எல்லோரிடமும் ஒரே கதையைத்தான் சொன்னாள். கிடைக்க வேண்டிய உயிர், வாயால் போயிற்று என்று. அந்தக் கிழவரிடமும் சொன்னாள். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். கண்கள் வீங்கியிருந்தன.

“நீதான கூட இருந்தே, நீயே சொல்லுடா. அவரு மட்டும் அன்னைக்குச் சும்மா இருந்திருந்தா, அவங்க கையெழுத்துப் போட்டிருப்பாங்கதானே?”

மகள் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவளும் என்னைத்தான் பார்த்தாள்.

நான் தலையை ஆட்டினேன். அக்கா அதைப் பதிலாக எடுத்துக்கொண்டாள்.