கொடியில் பதினோரு ஜெர்சி

எங்கள் ஃபுட்பால் டீமுக்குச் சொந்த மைதானம் கிடையாது. சொந்தம் என்று இருந்ததெல்லாம் இந்தப் பர்மாவில், மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில், மூன்றாம் மாடியில் இருக்கிற என் வீடுதான். கோல் வலை என் கட்டிலுக்கு அடியில், பந்துகள் சாமி படத்துக்குக் கீழே. ஆட்ட நாளில் பையன்கள் தடதடவென்று மாடியேறி வந்து, கூடத்திலேயே உடை மாற்றி, இருந்ததையெல்லாம் தின்று தீர்த்துவிட்டுக் கிளம்புவார்கள். டீமை ஆரம்பித்தவர் என் வீட்டுக்காரர். அவர் இறந்த பிறகு எல்லாம் என் தலையில் விழுந்தது. விழட்டுமே. இல்லாவிட்டால் என் படியேறி வர யார் இருக்கிறார்கள்?

கடைசி டிவிஷன் லீக்தான். நாங்கள் நடத்த வேண்டிய ஆட்டத்தையும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் டாலாவில், எதிர் டீமின் மைதானத்தில்தான் ஆடுவோம். ஆனாலும் அன்றைக்கு நாங்கள்தானே வீட்டுக்காரர்கள்? நடுவருக்கும் வந்தவர்களுக்கும் டீ கொடுப்பது எங்கள் பொறுப்பு. பெரிய பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு படகேறுவேன். அவர்கள் இடத்துக்கே போய் அவர்களை உபசரிக்கிற கூத்து வேறெங்கே நடக்கும்!

பையன்கள் ஒவ்வொருவராக மலேசியா, தாய்லாந்து என்று போய்க்கொண்டிருந்தார்கள். இங்கே இருந்து என்ன செய்வார்கள், பாவம். ஏழு பேராவது நின்றால்தான் ஆட்டம். ஏற்கெனவே ஒரு தடவை ஆள் இல்லாமல் நின்றுபோனது. இன்னொரு தடவை நின்றால் லீக்கிலிருந்து எடுத்துவிடுவோம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

அன்றைக்கு டாலாவில் ஆறு பேர்தான் இருந்தார்கள். கோல்கீப்பரைக் காணோம். போன் போட்டேன்.

"ஆன்ட்டி, ஏர்போர்ட்ல நிக்கிறேன். சொன்னா அழுவீங்கன்னுதான் சொல்லல."

"அடப்பாவி! சாப்பிட்டியாடா?" என்றேன். திட்டத்தான் வாயைத் திறந்தேன், அதுதான் வந்தது.

நடுவர் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் கடைசியில் விசிலை ஊதிவிட்டார். முடிந்தது. எதிர் டீம் பையன்கள் என் டீயைப் பணிவாக வாங்கிக் குடித்தார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவர்கள் என்ன செய்வார்கள்?

திரும்பி வரும் படகிலேயே பையன்கள் சட்டை மாற்றிக்கொண்டு ஜெர்சிகளை என் பையில் போட்டுவிட்டார்கள். கரையேறியதும், "வீட்டுக்கு வாங்கடா, சோறு இருக்கு" என்றேன். "இன்னொரு நாள் ஆன்ட்டி" என்று ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள்.

வீட்டில் சோறு பானை நிறைய அப்படியே இருந்தது. பையிலிருந்து ஜெர்சிகளை எடுத்தேன். ஒன்றிலும் பொட்டு மண் இல்லை. இருந்தும் பதினொன்றையும் சோப்புப் போட்டுத் துவைத்துப் பால்கனிக் கொடியில் காயப்போட்டேன்.

கீழே வெற்றிலைக் கடை வைத்திருக்கிற பர்மாக்காரி எப்போதும் போலக் கொடியைப் பார்த்துவிட்டு அவள் பாஷையில் கத்தினாள். "இன்னைக்கு என்ன ஆச்சு? ஜெயிச்சீங்களா?"

"தோத்துட்டோம்" என்றேன்.

"விடு, அடுத்த வாரம் ஜெயிப்பீங்க."

"ஆமா" என்று சொல்லிவிட்டு, அவள் என் முகத்தைப் பார்ப்பதற்குள் உள்ளே வந்துவிட்டேன்.